கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?

மூளை ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தில் முதல் சில மணி நேரத்துக்குள் நோயாளியை எப்படி மதிப்பிடுவது என்பது பற்றி வாசகர்கள் கேட்டவை இந்த இதழில். நரம்பியல், அவசர சிகிச்சை மருத்துவர்கள் குழு பதில் தருகிறது. கேட்டவர்களில் வீட்டில் இருப்பவர்களும் உண்டு, வார்டில் நிற்பவர்களும் உண்டு. பதில்களின் நடை அதற்கேற்ப மாறும்.

கேள்வி: அப்பா காலை ஆறு மணிக்கு எழுந்தபோதே வாய் கோணி, வலது கை விழுந்திருந்தது. ஆறரைக்கெல்லாம் மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். அங்கே ஆளாளுக்கு "ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தார்?" என்றே கேட்டார்கள். ஆறு மணிக்கு வந்தது என்று நாங்கள் சொன்னதை யாரும் காதில் வாங்கவே இல்லை. ஏன்?
*— வாசகி, மன்னார்குடி*

பதில்: ஆறு மணி என்பது நீங்கள் கண்டுபிடித்த நேரம். அடைப்பு விழுந்த நேரம் இரவு பதினொன்றாகவும் இருக்கலாம், ஐந்தே முக்காலாகவும் இருக்கலாம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அதைத் தாண்டினால், ஏற்கெனவே செத்துப்போன மூளைத் திசுவுக்குள் ரத்தம் திரும்பிப் பாய்ந்து கசியும் ஆபத்து, கிடைக்கும் பலனைவிடப் பெரிதாகிவிடும். அதனால் தெரியாத நேரத்துக்குப் பாதகமான கணக்கையே போடுவார்கள்: கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரம்தான் தொடக்கம். பத்து மணிக்குப் படுத்தார் என்றால் ஆறரைக்கு எட்டரை மணி நேரம் ஆகிவிட்டது.

இங்கேதான் வீட்டாருடைய ஒரு வார்த்தை எல்லாவற்றையும் மாற்றும். "நாலரைக்குப் பாத்ரூம் போய்வந்தார், ஃபேனைக் குறைக்கச் சொன்னார்" என்று அம்மாவுக்கு நினைவு வந்தால், கெடு காலை ஒன்பது மணி வரை நீள்கிறது. நடந்தார், தெளிவாகப் பேசினார் என்பது கணக்கில் சேரும். இருமினார், புரண்டு படுத்தார் என்பது சேராது. கேட்பவர்களும் "எப்போது வந்தது?" என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது. பால் வாங்கியது யார், வாசல் தெளிக்கும்போது எதிரே வந்தாரா, செல்போனில் கடைசி அழைப்பு எத்தனை மணிக்கு என்று ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்க வேண்டும். பதில் தெரிந்தவர் பெரும்பாலும் ஆம்புலன்ஸில் வராமல் வீட்டிலேயே இருப்பார். அவருடைய போன் எண்ணை முதலில் வாங்கிக்கொள்வது நல்லது.

இன்னொரு நுணுக்கம். வந்து, முழுக்கச் சரியாகி, மறுபடி வந்தது என்றால் கடிகாரம் இரண்டாவது முறையிலிருந்து ஓடும். ஆனால் நடுவில் துளி குறைகூட இருந்திருக்கக் கூடாது. "கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்தது" என்றால் முதல் நேரம்தான்.

எதுவுமே தெரியாவிட்டாலும் கதவு மூடிவிடுவதில்லை. எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் படத்தில் பாதிப்பு வெளிச்சமாகத் தெரிந்து, ஃப்ளேர் படத்தில் இன்னும் தெரியாமல் இருந்தால், அடைப்பு பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் விழுந்தது என்று பொருள். 2018-இல் வெளியான வேக்-அப் ஆய்வு இந்த வழியில் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஊசி போட்டுப் பலன் காட்டியது. எனவே தூக்கத்தில் வந்தது என்பதற்காக யாரும் மெதுவாக வரக் கூடாது.

கேள்வி: வீட்டில் எதைப் பார்க்க வேண்டும்? ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன கொடுக்கலாம்?
*— வாசகர், சிவகாசி*

பதில்: பல்லைக் காட்டச் சொல்லுங்கள், ஒரு பக்கம் இறங்குகிறதா? கண்ணை மூடி இரு கைகளையும் நீட்டச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கிறதா? ஒரு முழு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா, சம்பந்தமில்லாத சொல் வருகிறதா? திடீரென்று ஒரு பக்கப் பார்வை போவதும், நிற்க முடியாமல் தள்ளாடுவதும் இதில் அடக்கம். ஒன்று இருந்தாலே 108-ஐ அழையுங்கள். இலங்கையில் 1990.

கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை. காபி, சோடா, சர்க்கரைத் தண்ணீர் எல்லாம் நுரையீரலுக்குள் போகும். பி.பி. மாத்திரையை நாக்கின் கீழ் வைப்பது வேகமாக ரத்த அழுத்தத்தை இறக்கி, பிழைத்திருக்கும் திசுவையும் பட்டினி போடும். ஆஸ்பிரினும் வேண்டாம். உள்ளே இருப்பது அடைப்பா கசிவா என்பது ஸ்கேன் எடுக்கும்வரை யாருக்கும் தெரியாது. விரல் நுனியில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தியும், புறா ரத்தம் தடவுவதும் நேரத்தைத் தின்பதைத் தவிர வேறு எதையும் செய்வதில்லை. வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளைப் பையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை அதில் இருக்கிறதா, கடைசியாக எப்போது போட்டார் என்பது சிகிச்சையையே தீர்மானிக்கும்.

கேள்வி: நான் பணிபுரியும் தாலுகா மருத்துவமனையில் சி.டி. கிடையாது. இப்படி ஒருவர் வந்தால் முதல் பத்து நிமிடத்தில் எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும்?
*— செவிலியர், தஞ்சாவூர் மாவட்டம்*

பதில்: மூச்சு, நாடி, நினைவு. அடுத்தது சுகர். விரல்நுனிச் சோதனை இல்லாமல் யாரையும் பக்கவாதம் என்று அனுப்பாதீர்கள். சர்க்கரை தாழ்ந்தால் ஒரு பக்கம் அசையாமல் போவதும், பேச்சு குழறுவதும் அச்சு அசலாகப் பக்கவாதம் போலவே இருக்கும். 50 மி.கி.க்குக் கீழே என்றால் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. நரம்பில் கொடுங்கள், சில நிமிடங்களில் கை எழும். குடிப்பழக்கம் உள்ளவரானால் கூடவே தையமின் (வைட்டமின் பி1). சுகர் சரியாக இருப்பவருக்கு டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றக் கூடாது. அடைப்பு உள்ள மூளைக்கு அது கெடுதல். திரவம் வேண்டுமானால் நார்மல் சலைன்.

பிறகு ரத்த அழுத்தம், இரண்டு கைகளிலும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்து, நெஞ்சோ முதுகோ கிழிவதுபோல வலித்தால் மகாதமனி பிளவு (இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாயின் சுவர் கிழிவது) இருக்கலாம். அந்த நோயாளிக்குக் கட்டி கரைக்கும் ஊசி போட்டால் உயிர் போகும். இந்த ஒரு தகவலைப் பரிந்துரைச் சீட்டில் மேலேயே எழுதி அனுப்புங்கள்.

முழங்கை மடிப்பில் பெரிய வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் ஊசிக்குழாய்) ஒன்று போடுங்கள், முடிந்தால் 18 கேஜ். ரத்தக்குழாய்ப் படத்துக்குச் சாய மருந்தை வேகமாகச் செலுத்த வேண்டியிருக்கும். புறங்கையில் போட்ட மெல்லிய 22 கேஜ் அந்த வேகத்தைத் தாங்காது, பெரிய மருத்துவமனையில் மறுபடி குத்துவார்கள். எடை தெரிந்தால் குறியுங்கள், மருந்து கிலோ கணக்கில்தான். ஆக்ஸிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே போனால் மட்டும் ஆக்ஸிஜன். ஈ.சி.ஜி. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்தால் எடுக்கலாம், அதற்காக வண்டியை நிறுத்திவைக்கக் கூடாது. சிறுநீர்க் குழாயும் மூக்குக் குழாயும் தேவையில்லாமல் போடாதீர்கள். கரைப்பு ஊசிக்குப் பிறகு அவை ரத்தம் கசியும் இடங்களாகிவிடும்.

எங்கே அனுப்புவது என்பதுதான் உங்கள் மேசையில் எடுக்கப்படும் மிகப் பெரிய முடிவு. பக்கத்து மருத்துவமனைக்கு அல்ல, சி.டி.யும் கரைப்பு ஊசியும் உள்ள பக்கத்து மருத்துவமனைக்கு. வழியில் இன்னொரு இடத்தில் "காட்டிவிட்டுப் போவது" ஒரு மணி நேரத்தை விழுங்கும். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006-இல் வந்த ஒரு கணக்கு சொல்கிறது. கண்கள் இரண்டும் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டு, மறுபக்கக் கை கால் முழுதாக விழுந்து, பேச்சும் போயிருந்தால் பெரிய குழாயே அடைத்திருக்கக்கூடும். அவருக்குக் கேத்லேப் (ரத்தக்குழாய்க்குள் குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் அறை) உள்ள இடம் எது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். வண்டி கிளம்பும்போதே அங்கே போன் செய்து நான்கு விவரம் சொல்லுங்கள்: வயது, கடைசியாக நன்றாக இருந்த நேரம், சுகர், பி.பி. போன் வந்திருந்தால் சி.டி. மேசை காலியாகக் காத்திருக்கும். வராவிட்டால் நோயாளி காத்திருப்பார்.

கேள்வி: பக்கவாதத்தின் கடுமையை அளக்கும் என்.ஐ.எச்.எஸ்.எஸ். மதிப்பெண் ஒரே நோயாளிக்கு ஆளுக்கு ஆள் மாறுகிறது. நான் 9 போட்டேன், சீனியர் 13 போட்டார். தமிழ் நோயாளிகளிடம் இதை எப்படிச் சரியாகச் செய்வது?
*— பயிற்சி மருத்துவர், மதுரை*

பதில்: 0 முதல் 42 வரையுள்ள இந்த அளவுகோலின் உயிர் ஒரே விதியில் இருக்கிறது: நோயாளி செய்ததற்கு மதிப்பெண், அவரால் செய்ய முடியும் என்று நீங்கள் நினைப்பதற்கு அல்ல. முதல் பதில்தான் பதில். வரிசையாகப் போங்கள், திரும்பிப் போய்த் திருத்தாதீர்கள், சொல்லிக்கொடுக்காதீர்கள். மதிப்பெண் மாறும் இடங்கள் பெரும்பாலும் இவை.

மாதமும் வயதும் கேட்கும் கேள்வி. "ஆடி" என்று ஒரு பெரியவர் சொன்னால் அது சரியான விடை. நாள்காட்டியில் ஆடியாக இருந்தால் போதும். ஆங்கில மாதத்தைத்தான் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்துவது படிப்பைச் சோதிப்பது, மூளையை அல்ல. வயது அப்படி இல்லை. அளவுகோலின்படி கிட்டத்தட்ட சரி என்பதற்கு மதிப்பெண் கிடையாது. தன் வயதை எப்போதுமே தெரிந்திராதவர் "அறுபதோ எழுபதோ" என்றால் விதிப்படி தவறு என்றே போட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். அடுத்த முறை அளப்பவரும் அதே மாதிரி போடுவார். ஏறியதா இறங்கியதா என்ற ஒப்பீடு கெடாது. பேச்சிழந்து கேள்வி புரியாதவருக்கு 2, தொண்டையில் குழாய் உள்ளவருக்கு 1.

கட்டளைக்குப் பணிதல்: கண்ணைத் திறந்து மூடச் சொல்வது, கையை மூடித் திறக்கச் சொல்வது. காது மந்தமோ மொழிச் சிக்கலோ இருந்தால் நீங்களே செய்து காட்டலாம், விதி அனுமதிக்கிறது. பக்கத்தில் நிற்கும் மகன் "அப்பா, கையை மூடுப்பா" என்று கையைப் பிடித்து மூடிவிட்டால் அந்தச் சோதனை போச்சு. உறவினரை ஐந்து நிமிடம் வெளியே நிற்கச் சொல்லுங்கள்.

கை, கால். உட்கார்ந்தால் 90 பாகை, படுத்திருந்தால் 45 பாகையில் கை, உள்ளங்கை கீழே பார்க்க, 10 நொடி. கால் எப்போதும் படுத்த நிலையில், 30 பாகை, 5 நொடி. வாய்விட்டு எண்ணுங்கள். மனத்துக்குள் எண்ணினால் பத்து என்பது ஆறில் முடிந்துவிடும், மெல்ல இறங்கும் கை தப்பிவிடும். ஒவ்வொன்றாகச் சோதியுங்கள், பலவீனம் இல்லாத பக்கம் முதலில். இறங்கியும் கட்டிலைத் தொடவில்லை 1, ஈர்ப்பை எதிர்த்து ஓரளவு முயல்கிறது 2, அசைகிறது ஆனால் தூக்கிவிட்டால் தொப்பென்று விழுகிறது 3, அசைவே இல்லை 4. உங்கள் 9-க்கும் சீனியரின் 13-க்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதி பெரும்பாலும் இந்த 2-க்கும் 3-க்கும் நடுவே, கையிலும் காலிலுமாகக் கிடைக்கும்.

தள்ளாட்டம் என்ற தலைப்பில் பலவீனத்துக்கு மீறிய தடுமாற்றம் இருந்தால்தான் மதிப்பெண். கை முழுதாக விழுந்தவர் மூக்கைத் தொடவில்லை என்று 2 போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அவருக்கு அங்கே 0.

பேச்சு. குழறலும் மொழியிழப்பும் வேறு வேறு. குழறல் என்பது வாய்த் தசையின் கோளாறு, சொல் சரியாக இருக்கும். மொழியிழப்பில் சொல்லே மாறும், அல்லது கிடைக்காது. ஆங்கிலப் படங்களையும் வாக்கியங்களையும் காட்டி ஒரு கிராமத்துப் பாட்டியிடம் மொழியை அளக்க முடியாது. படத்துக்குப் பதில் கையிலுள்ள பொருளைக் காட்டுங்கள்: சாவி, பேனா, கைக்கடிகாரம், கண்ணாடி வளையல். பேரைச் சொன்னதும் நிறுத்திவிடாமல் "இது எதுக்கு?" என்று கேளுங்கள். குழறலுக்கு உதடு, நாக்கு நுனி, அடிநாக்கு மூன்றும் வேலை செய்யும் சொற்கள் வேண்டும்: "மாமா", "தாத்தா", "காக்கா". மூன்றும் தனித்தனியாகத் தெளிந்தால் "மாமா வீட்டுத் தோட்டத்தில் காக்கா கத்துது" என்று முழுசாகச் சொல்லச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவரிடம் எழுத்தட்டையை நீட்டாதீர்கள். உங்கள் துறையில் எல்லாரும் ஒரே பொருள்களையும் ஒரே வாக்கியத்தையும் பயன்படுத்துவது என்று முடிவுசெய்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

அளவுகோலின் குறையையும் தெரிந்துவைத்திருங்கள். 42-இல் மொழியைச் சார்ந்தவை 7, ஒரு பக்கத்தையே உணராமல் புறக்கணிப்பதற்கு 2 மட்டும். அதனால் வலது மூளையில் பெரிய அடைப்பு உள்ளவருக்கு, இடது மூளையில் அதே அளவு அடைப்பு உள்ளவரைவிட மதிப்பெண் குறைவாக வரும். 4-க்குள் இருப்பதாலேயே "சின்னது" என்று விடவும் கூடாது. தையல்காரருக்கு வலது கை விரல்கள் ஓடாவிட்டால் மதிப்பெண் 0 அல்லது 1-தான், பிழைப்பு போச்சு. ஓட்டுநருக்குப் பாதிப் பார்வை போனால் 2. ஊசி போடலாமா என்று முடிவெடுக்கும்போது கேட்க வேண்டியது இதுதான்: இந்தக் குறை இப்படியே நின்றுவிட்டால் இவரால் தன் வேலையைப் பார்க்க முடியுமா, தானே சாப்பிட்டு நடமாட முடியுமா?

கேள்வி: "சி.டி.யில் ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டு உடனே விலை கூடிய ஊசி போட வேண்டும் என்றார்கள். ஒன்றும் இல்லாததற்கு எதற்கு ஊசி?
*— வாசகர், திருப்பூர்*

பதில்: நியாயமான சந்தேகம், தவறு சொன்ன விதத்தில் இருக்கிறது. முதல் சி.டி. எடுப்பதன் முக்கிய நோக்கம் ரத்தக் கசிவு இல்லை என்று உறுதிசெய்வது. கசிவு வெள்ளையாக உடனே தெரியும். அடைப்பால் வந்த பாதிப்பு சி.டி.யில் கறுக்கப் பல மணி நேரம் ஆகும். ஆக, கை கால் விழுந்தவருக்கு "சுத்தமான" சி.டி. என்றால், மூளை இன்னும் சாகவில்லை, காப்பாற்ற நிறைய மிச்சம் இருக்கிறது என்று பொருள். ஸ்கேன் மோசமாகத் தெரியும்வரை காத்திருந்தால் ஊசிக்கு வேலை இல்லை. உறவினரிடம் "ரத்தக் கசிவு இல்லை, ஊசி போடலாம்" என்று சொன்னால் இந்தக் குழப்பமே வராது.

ஸ்கேனைப் படிக்கும் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோவை (திரையில் கறுப்பு வெள்ளையாகப் பிரித்துக் காட்டும் எல்லையை) குறுக்கிப் பாருங்கள், 40-க்கு 40 போல. மூளையின் ஆழத்திலுள்ள லென்டிஃபார்ம் நியூக்ளியஸின் விளிம்பு மங்குவதும், இன்சுலாப் பட்டை மறைவதும் அப்போதுதான் கண்ணில் படும். நடு மூளைத்தமனிப் பரப்பைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்து, கெட்ட பகுதிக்கு ஒன்று கழிப்பது ஆஸ்பெக்ட்ஸ். 10 என்றால் இயல்பு. தமனி ஒரு பக்கம் வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் ரத்தக் கட்டி உட்கார்ந்திருக்கலாம், ஆனால் மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வெள்ளையாக இருந்தால் வயதானவரின் சுண்ணாம்புப் படிவுதான்.

நோயாளி மேசையில் இருக்கும்போதே மகாதமனி வளைவிலிருந்து உச்சந்தலைவரை ரத்தக்குழாய்ப் படமும் எடுத்துவிடுவது நல்லது. சிறுநீரகக் கோளாறு முன்பே தெரிந்தவராக இல்லாவிட்டால் கிரியாட்டினின் (சிறுநீரக ரத்தப் பரிசோதனை) வரும்வரை காத்திருக்க வேண்டாம். பெரிய குழாய் அடைப்பு தெரிந்தால் குழாய்வழியே கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சை உண்டு. 2015-இல் அடுத்தடுத்து வந்த ஐந்து ஆய்வுகள் ஆறு மணி நேரத்துக்குள் அதன் பலனை நிலைநாட்டின. 2018-இல் வந்த டான் ஆய்வு, தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம்வரை அதை நீட்டியது. இழுத்தெடுக்க அனுப்புவதற்காகக் கரைப்பு ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. தகுதி இருந்தால் போட்டுவிட்டே வண்டியில் ஏற்றுங்கள்.

கேள்வி: பி.பி. 210/110. குறைக்கலாமா, கூடாதா? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
*— பணி மருத்துவர், கிருஷ்ணகிரி*

பதில்: கரைப்பு ஊசி போடப் போகிறீர்கள் என்றால் 185/110-க்குக் கீழே கொண்டுவர வேண்டும், போட்ட பின் 24 மணி நேரம் 180/105-க்குள் வைத்திருக்க வேண்டும். லேபெடலால் என்ற பி.பி. மருந்து 10 முதல் 20 மி.கி. நரம்பில், ஓரிரு நிமிடத்தில் மெதுவாக. தேவைப்பட்டால் இன்னொரு முறை. ஊசிக்குத் தகுதி இல்லாதவரானால் 220/120-ஐத் தாண்டும்வரை விட்டுவிடலாம். அடைப்புக்கு அப்பால் பக்கவழிகளில் ரத்தத்தைத் தள்ளுவது அந்த அழுத்தம்தான். இதயம் திணறுகிறது, மகாதமனி பிளவு என்பன போன்ற காரணம் இருந்தால் மட்டும் கணக்கு வேறு. வலியும் நிரம்பிய சிறுநீர்ப்பையும் பி.பி.யை ஏற்றும். மருந்துக்கு முன் அவற்றைப் பாருங்கள்.

கேள்வி: கட்டி கரைக்கும் ஊசிகளான அல்ட்டெப்லேஸ், டெனெக்டெப்லேஸ் அளவுகளில் குழப்பம் வருகிறது. தவறு எங்கெங்கே நடக்கிறது?
*— அவசரப் பிரிவுச் செவிலியர், கோயம்புத்தூர்*

பதில்: அல்ட்டெப்லேஸ் கிலோவுக்கு 0.9 மி.கி., எவ்வளவு எடை என்றாலும் 90-ஐத் தாண்டக் கூடாது. பத்தில் ஒரு பங்கு ஒரு நிமிடத்தில், மீதி ஒரு மணி நேரத்தில். 60 கிலோ என்றால் மொத்தம் 54, முதலில் 5.4, பிறகு 48.6. நடக்கும் தவறுகள் மூன்று. எடையைக் கண்ணால் மதிப்பது முதலாவது. ஸ்ட்ரெச்சரோடு எடைபோடும் வசதி இல்லையென்றால் வீட்டாரிடம் கேளுங்கள், ஒருவர் மதிப்பை மட்டும் நம்பாதீர்கள். இரண்டாவது, ஒரு புட்டியைக் கலக்கி அப்படியே பம்பில் மாட்டிவிடுவது. தேவைக்கு மேலுள்ள மருந்தை முதலிலேயே எடுத்து அப்புறப்படுத்தாவிட்டால் அதிகம் ஏறிவிடும். மூன்றாவது, பம்பு காலியானதும் கழற்றிவிடுவது. குழாய்க்குள் சில மி.லி. மருந்து நின்றிருக்கும். அதே வேகத்தில் சலைன் ஓடவிட்டு அதையும் உள்ளே செலுத்துங்கள். கலக்கும்போது குலுக்கக் கூடாது, நுரைக்கும், உருட்ட வேண்டும்.

டெனெக்டெப்லேஸ் கிலோவுக்கு 0.25 மி.கி., உச்சம் 25, ஒரே தள்ளில் முடிந்துவிடும். 60 கிலோவுக்கு 15 மி.கி. மாரடைப்புக்கு இதே மருந்தின் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெட்டிக்குள் இருக்கும் அட்டவணை மாரடைப்புக்கானதாக இருந்தால், அதைப் பார்த்து அளவு எடுப்பது மூளைக்குள் ரத்தம் கசியவைப்பதற்குச் சமம். மருந்து அலமாரியில் இரண்டு அளவுகளையும் தனித்தனி நிறத் தாளில் ஒட்டிவையுங்கள்.

போடும் முன் ரத்தப் பரிசோதனைகளில் கட்டாயம் காத்திருக்க வேண்டியது சுகருக்கு மட்டுமே. ரத்தத்தை இளக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர், கல்லீரல் நோயாளி, ரத்தப்போக்குக் கோளாறு என்று சந்தேகம் உள்ளவர் ஆகியோருக்குத்தான் மற்றவற்றுக்குக் காத்திருக்கலாம். ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.7-ஐத் தாண்டினாலும், தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே போனாலும் போடுவதில்லை. ஏற்கெனவே மூளையில் ரத்தக் கசிவு வந்தவர், மூன்று மாதத்துக்குள் தலையில் பலத்த அடி, 21 நாளுக்குள் வயிற்றில் ரத்தப்போக்கு, 48 மணி நேரத்துக்குள் அப்பிக்ஸபான், டாபிகட்ரான் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரை: இவற்றைக் கேட்காமல் சிரிஞ்சை எடுக்காதீர்கள்.

மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்தை மறைக்கவும் கூடாது. 1995-இல் இந்த ஊசிக்கு வழி திறந்த அமெரிக்க ஆய்வில், ஊசி போட்டவர்களில் 6.4 சதவீதத்தினருக்கு நிலைமை மோசமாகும் அளவுக்குக் கசிவு வந்தது; போடாதவர்களில் 0.6 சதவீதம். அப்படியிருந்தும் மூன்று மாதத்தில் யார் காலூன்றி நடந்தார்கள் என்று பார்த்தபோது ஊசி போட்டவர்களே முந்தினார்கள். உறவினரிடம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

போட்ட பின் முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, பிறகு 24 மணி நேரம்வரை மணிக்கு ஒருமுறை பி.பி.யும் நரம்பியல் நிலையும். கடும் தலைவலி, வாந்தி, பி.பி. திடீரென ஏறுதல், நினைவு குறைதல் தெரிந்தால் மருந்தை நிறுத்திவிட்டு சி.டி.க்கு ஓட வேண்டும். ராமிப்ரில், எனலாப்ரில் ஆகிய பி.பி. மாத்திரைகள் சாப்பிடுபவர்களின் உதட்டையும் நாக்கையும் தனியாகக் கவனியுங்கள். வீங்கி மூச்சை அடைக்கும். ஆஸ்பிரின், ஹெப்பாரின் எதுவும் 24 மணி நேரம் கழித்து, இன்னொரு சி.டி. பார்த்த பிறகே.

கேள்வி: தலைசுற்றலோடு வந்த ஒருவருக்கு என்.ஐ.எச்.எஸ்.எஸ். 0. காது பிரச்சினை என்று அனுப்பினோம். மறுநாள் சிறுமூளை அடைப்பு என்று தெரிந்தது. எதை விட்டுவிட்டோம்?
*— மருத்துவர், யாழ்ப்பாணம்*

பதில்: அநேகமாக அவரை எழுப்பி உட்காரவைத்திருக்க மாட்டீர்கள். இந்த அளவுகோல் நோயாளியைப் படுக்கையில் வைத்தே முடிந்துவிடுகிறது. சிறுமூளை நடுப்பகுதி பாதித்தவருக்குப் படுத்தால் கை கால் எல்லாம் கச்சிதம். பிடி இல்லாமல் உட்காரச் சொன்னால் சாய்வார். நிற்கவோ நடக்கவோ முடியாத தலைசுற்றலை மூளைக் கோளாறாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சுற்றல் விடாமல் தொடர்ந்து, கண்மணியும் ஆடிக்கொண்டிருந்தால் மூன்று கண் சோதனைகள் இருக்கின்றன. உங்கள் மூக்கைப் பார்க்கச் சொல்லித் தலையைச் சின்னதாக, சடக்கென்று திருப்புங்கள். உட்காது நோயில் கண் பின்தங்கி, துள்ளி மூக்குக்குத் திரும்பும். கண் அசையாமல் மூக்கிலேயே நின்றால்தான் பயப்பட வேண்டும். இந்தத் தலைகீழ்க் கணக்கு பலரைக் குழப்புகிறது: இங்கே "நார்மல்" என்பதுதான் கெட்ட செய்தி. அடுத்து, இடப்பக்கம் பார்த்தால் இடப்பக்கமும் வலப்பக்கம் பார்த்தால் வலப்பக்கமுமாகக் கண்ணாட்டத்தின் திசை மாறினால் மூளை. மூன்றாவது, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மறைத்துத் திறக்கும்போது கண் மேலோ கீழோ நகர்ந்து சரிசெய்துகொண்டால் மூளை. ஒன்று தவறினாலே சேர்த்துக்கொள்ளுங்கள். படுக்கையில் புரண்டால் மட்டும் சில நொடி சுற்றி நிற்கும் தலைசுற்றலுக்கு இந்தச் சோதனை பொருந்தாது, போட்டுப் பார்த்தால் தவறான பதிலே வரும்.

சி.டி.யில் பின்மூளை அடைப்பு பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யும் முதல் ஓரிரு நாளில் சிலருக்கு ஏமாற்றும். அந்தக் கட்டத்தில் கண் சோதனையை நம்புங்கள்.

கேள்வி: வாய் மட்டும் கோணினால் பக்கவாதமா, முகவாதமா?
*— வாசகி, நாகர்கோவில்*

பதில்: புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் நெற்றியும் சுருங்காமல் கண்ணும் மூடாமல் இருந்தால் முகநரம்பு வாதமாக இருக்கலாம். நெற்றி சுருங்கி வாய் மட்டும் கோணினால் மூளை. ஆனால் மூளைத்தண்டு அடைப்பிலும் நெற்றி போவதுண்டு. கையில் பலவீனமோ, இரட்டைப் பார்வையோ, தள்ளாட்டமோ கூட இருந்தால் இந்தச் சோதனையை நம்பி வீட்டில் இருக்காதீர்கள்.

கேள்வி: பக்கவாத அறிகுறி வந்து, இருபது நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. பிறகும் போக வேண்டுமா?
*— வாசகர், காரைக்குடி*

பதில்: அன்றே போக வேண்டும். இப்படி வந்து மறைந்தவர்களுக்கு முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து அடுத்த இரண்டு நாளில்தான் மிக அதிகம். கழுத்துத் தமனிப் படம், ஈ.சி.ஜி., இதய எக்கோ, ஸ்கேன் எல்லாம் அந்த நேரத்துக்குள் முடிய வேண்டும். இளம்பெண்ணாக இருந்தால் ருமாட்டிக் காய்ச்சலால் சுருங்கிய இதய வால்வு இருக்கிறதா என்று எக்கோவில் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனில் கசிவு இல்லை, இதயத்திலிருந்து கட்டி வரவில்லை என்றால், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சேர்த்து 21 நாள் கொடுத்து, பிறகு ஒன்றை மட்டும் தொடர்வது வழக்கம். இரண்டையும் மாதக்கணக்கில் தானாகவே தொடராதீர்கள், ரத்தப்போக்கு வரும்.

கேள்வி: அம்மா மயக்கமில்லாமல் பேசுகிறார். ஆனாலும் "வாய்வழி ஒன்றும் தராதீர்கள்" என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். ஒரு வாய் தண்ணீர்கூடவா?
*— வாசகி, புதுச்சேரி*

பதில்: விழுங்கும் சோதனை முடியும்வரை மாத்திரைகூட இல்லை. பேச்சு தெளிவாக இருப்பவருக்கும் விழுங்கல் கெட்டிருக்கலாம். சத்தமில்லாமல், இருமல்கூட இல்லாமல் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கும். நிமோனியா பிடித்தால் பக்கவாதத்தைவிட அதுவே ஆளைச் சாய்க்கும். தொண்டையைக் குச்சியால் தொட்டுக் குமட்டுகிறதா என்று பார்ப்பது விழுங்கலைப் பற்றி எதையும் சொல்லாது.

சோதனை எளியது. விழித்திருக்க வேண்டும், நேராக நிமிர்ந்து உட்கார வேண்டும். முதலில் ஸ்பூனில் சில வாய் தண்ணீர். இருமலோ, வழிதலோ, குரல் நீர்த்தொனியாக மாறுவதோ இல்லையென்றால் 90 மி.லி. தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் சொல்வார்கள். ஒரு நிமிடம் பொறுத்து "ஆ..." என்று இழுக்கச் சொல்லிக் குரலைக் கேட்பார்கள். தேறாவிட்டால் மூக்குக் குழாய் வழியே உணவு. ஓரிரு நாளில் மறுபடி சோதிப்பார்கள்.

தேறிய பிறகும் முதல் வேளை குழைய மசித்த ஒரே பதமான உணவாக இருக்கட்டும். சாம்பாரில் மிதக்கும் இட்லி, ரசம் ஊற்றிய சாதம், பாலில் ஊறிய பிஸ்கட் எல்லாம் மெதுவானவைதானே என்று நினைப்போம். அவற்றில் கட்டி வாயில் நிற்க, திரவம் முந்திக்கொண்டு தொண்டைக்குள் ஓடிவிடும்.